‘வுட்’ என்று எழுதினால் அது வாக்குறுதி ஆகாதா?

துரைப்பாக்கம் தேவி · புதன், இரவு 9.50

அனைவருக்கும் வணக்கம். பல மாதங்களாக இங்கே படித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். இன்று காலை லண்டனில் இருக்கும் வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். ‘வீ வுட் சென்ட் த ரிப்போர்ட் ஆன் ஃப்ரைடே’ என்று எழுதினேன். அறிக்கையை வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுவோம் என்பதுதான் என் மனத்தில் இருந்தது. மதியம் பதில் வந்தது, மூன்றே சொல்லில்: ‘வுட், இஃப் வாட்?’ அதாவது, அனுப்புவீர்கள், சரி, எது நடந்தால் அனுப்புவீர்கள்?

எனக்கு முகம் சுண்டிவிட்டது. எங்கள் மேலாளரிடம் காட்டினேன். “நீ எழுதியதில் தவறில்லை, ‘வில்’ என்று எழுதினால் அதட்டுவது போல இருக்கும், ‘வுட்’தான் மரியாதை” என்றார். ஆனால் அவரிடமும் அந்த மூன்று சொல்லுக்குப் பதில் இல்லை.

செய்யாற்றில் தமிழ் வழியில் படித்தவள் நான். வில்–வுட், கேன்–குட், ஷேல்–ஷுட் என்று ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு வரிசையாக எழுதிப்போட்டது இன்னும் கண்ணில் இருக்கிறது. முதல் வரிசை நிகழ்காலம், இரண்டாவது இறந்தகாலம் என்று மனப்பாடம் செய்தோம். ‘வுட்’ இறந்தகாலம் என்றால் வரப்போகிற வெள்ளிக்கிழமைக்கு அதை எப்படி எழுத முடியும்? மரியாதை என்றால் அவர் ஏன் அப்படிக் கேட்டார்? தெரிந்தவர்கள் விளக்க வேண்டும். இலக்கணப் பெயர்களை விட நம் வீட்டுப் பேச்சிலிருந்து எடுத்துக்காட்டு தந்தால் எனக்குப் பிடிபடும்.

வியாசர்பாடி வாத்தியார் · புதன், இரவு 10.35

தேவி, நல்ல கேள்வி. இருபத்தாறு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். அந்தக் கரும்பலகை வரிசையை நானும் எழுதியிருக்கிறேன். அது பொய் இல்லை, பாதி உண்மை. மீதியைச் சொல்லாமல் பிள்ளைகளை அனுப்பிவிடுகிறோம்.

உங்கள் வாடிக்கையாளர் உங்களைத் திருத்தவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. ‘வுட்’ என்று ஒரு வாக்கியத்தில் கேட்டதும் ஆங்கிலேயரின் காது ஒரு ‘ஆல்’ விகுதியைத் தேடும். மழை பெய்யாவிட்டால், பணம் வந்தால், நீங்கள் ஒப்புக்கொண்டால். அந்த ‘ஆல்’ வாக்கியத்தில் இல்லையென்றால், எங்கோ ஒளிந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். நீங்கள் எழுதியது அவருக்கு “வெள்ளிக்கிழமை அனுப்பலாம்தான், ஆனால்…” என்று கேட்டிருக்கிறது. ‘வில்’ என்று எழுதியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

‘வுட்’ இறந்தகாலச் சொல் என்பதை விட, அது ‘தள்ளி நிற்கும் சொல்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் நிற்கும் இடத்திலிருந்து ஓர் அடி விலகி நிற்கிறது. சில சமயம் காலத்தில் விலகி நிற்கும், அப்போது பழைய கதை. சில சமயம் நடப்பிலிருந்து விலகி நிற்கும், அப்போது கற்பனை அல்லது நிபந்தனை. சில சமயம் எதிரில் இருப்பவரிடமிருந்து விலகி நிற்கும், அப்போதுதான் பணிவு. உங்கள் மேலாளர் சொன்னது இந்த மூன்றாவது. ஆனால் அவர் அதை இடம் மாற்றி வைத்துவிட்டார். அதைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன், விடைத்தாள் கட்டு காத்திருக்கிறது.

மயிலை மாடவீதி · வியாழன், காலை 6.15

வாத்தியார் ஐயா சொன்ன முதல் வகையைப் பற்றி நான் சொல்ல ஆசைப்படுகிறேன். எனக்கு எழுபது வயதாகிறது, பழைய கதைதான் என் துறை.

தேவி, நீங்கள் வீட்டுப் பேச்சிலிருந்து கேட்டீர்கள். இதோ என் அம்மா சொல்வது: “அப்பா தினமும் விடியற்காலையில் எழுந்திருப்பார். குளித்துவிட்டு டிராம் பிடித்து பாரிமுனைக்குப் போவார். திரும்பும்போது ஒரு முழம் கதம்பம் வாங்கிக்கொண்டு வருவார்.” சென்னையில் டிராம் ஓடத் தொடங்கியது 1895-இல், நின்றது 1953-இல். என் தாத்தாவும் இல்லை, டிராமும் இல்லை. ஆனால் வினைகளைப் பாருங்கள்: எழுந்திருப்பார், போவார், வருவார். வடிவத்தில் ஒவ்வொன்றும் எதிர்காலம்! போனவரைப் பற்றி ‘போவார்’ என்கிறோம், யாருக்கும் குழப்பம் வருவதில்லை. ஒரு நாள் போனதைச் சொன்னால் ‘போனார்’, வழக்கமாகப் போனதைச் சொன்னால் ‘போவார்’.

ஆங்கிலத்தில் இதே இடத்தில் வருவதுதான் ‘வுட்’. ‘ஹீ வுட் டேக் த டிராம் எவ்ரி மார்னிங்.’ தாத்தா தினமும் டிராமில் போவார். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. இறந்தகாலச் சங்கதியைச் சொல்ல அவர்களும் ‘வில்’ குடும்பத்துச் சொல்லைத்தான் எடுக்கிறார்கள், நாமும் எதிர்கால வடிவத்தைத்தான் எடுக்கிறோம். இரண்டு மொழிகளும் ஒருவரையொருவர் பார்த்துச் செய்ததில்லை இது. எனக்கு இது முதலில் புரிந்த அன்று காபி ஆறிப்போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

துரைப்பாக்கம் தேவி · வியாழன், காலை 8.05

அம்மா, பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். ‘போவார்’ என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பேன், அது எதிர்கால வடிவம் என்று ஒரு முறையும் நினைத்ததில்லை. ஒரு சந்தேகம்: இதற்கு ‘யூஸ்ட் டு’ என்றுதானே பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்? இரண்டும் ஒன்றா?

வியாசர்பாடி வாத்தியார் · வியாழன், மதியம் 1.10

ஒன்று போலத் தோன்றும், ஒன்று இல்லை. செயலுக்கு இரண்டும் வரும். நிலைக்கு ‘யூஸ்ட் டு’ மட்டும்தான் வரும்.

கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். 2008-இல் மூடினார்கள், 2010-இல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. அந்த உணவகம் அங்கே இருந்தது என்று சொல்ல ‘தேர் யூஸ்ட் டு பி எ ரெஸ்டாரன்ட் ஹியர்’ என்று சொல்ல வேண்டும். இருத்தல் ஒரு நிலை, இங்கே ‘வுட் பி’ பொருந்தாது. ஆனால் அடுத்த வாக்கியம், ‘வீ வுட் சிட் இன் த கார் அண்ட் ஈட்’, காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். அது திரும்பத் திரும்பச் செய்த செயல், எனவே ‘வுட்’ அழகாக வரும். ஆங்கிலக் கதைகளைப் பாருங்கள்: முதல் வாக்கியத்தில் ‘யூஸ்ட் டு’ வந்து காலத்தை நட்டுவிடும், அதன் பிறகு வரிசையாக ‘வுட்’ வரும்.

இங்கேதான் தமிழ் நம்மை ஏமாற்றும். “அப்போதெல்லாம் தெருமுனையில் ஒரு கிணறு இருக்கும்” என்று நாம் சொல்வோம். நமக்கு நிலைக்கும் ‘இருக்கும்’ வரும், செயலுக்கும் ‘போவார்’ வரும். ஆங்கிலத்தில் கிணற்றுக்கு ‘வுட் பி’ போட்டால் கேட்பவர் முகம் சுளிப்பார். மயிலை அம்மா சொன்ன பொருத்தம் உண்மை, ஆனால் நூற்றுக்கு நூறு இல்லை.

பெரம்பூர் பட்டறை · வியாழன், இரவு 8.40

நான் இருசக்கர வாகனம் பழுதுபார்ப்பவன். ஆங்கிலம் நான் கற்றதே வண்டிக் கையேடுகளைப் படித்துத்தான். இந்தப் பேச்சில் எனக்கு என்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம், ‘வுட்’ என்ற சொல்லை நான் தினமும் பார்க்கிறேன்.

கோளாறு பட்டியலில் முதல் வரியே ‘எஞ்சின் வுடன்ட் ஸ்டார்ட்’ என்றோ ‘வோன்ட் ஸ்டார்ட்’ என்றோ இருக்கும். ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. எஞ்சினுக்கு ஏது விருப்பம், ஏது மறுப்பு? ‘டிடன்ட் ஸ்டார்ட்’ என்று எழுதினால் போதாதா?

பிறகு 2015 டிசம்பர் வெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்த மறுநாள் காலையில் பட்டறைக் கதவைத் திறந்தால், தெரு முழுக்க வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். சைலன்சரில் சேறு, ஏர் ஃபில்டர் ஊறிப் பஞ்சாகிவிட்டது, எஞ்சின் ஆயிலைத் திறந்தால் பால் காபி நிறத்தில் வழிகிறது. ஒவ்வொருவரும் வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: “அண்ணா, ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது.” ஒருவர்கூட ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று சொல்லவில்லை. உதைத்துப் பார்த்து, கெஞ்சிப் பார்த்து, மறுபடி உதைத்துப் பார்த்து, அதற்குப் பிறகும் அசையாத வண்டிக்கு ‘ஆகவில்லை’ போதாது, ‘ஆகமாட்டேன் என்கிறது’தான் சரி. வண்டி வாய்திறந்து மறுப்பது போல நாம் பேசுகிறோம்.

அன்றைக்குத்தான் ‘வுடன்ட்’ எனக்குப் புரிந்தது. முயன்று பார்த்து, அது மறுத்தால் ‘வுடன்ட்’. சும்மா நடக்கவில்லை என்றால் ‘டிடன்ட்’. நான் சொல்வது சரிதானா, ஐயா?

வியாசர்பாடி வாத்தியார் · வியாழன், இரவு 9.30

சரி மட்டுமல்ல, தம்பி, என் வகுப்பில் நான் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. திங்கட்கிழமை உங்கள் வண்டியை வகுப்புக்குக் கொண்டுபோகிறேன்.

எஞ்சினுக்கு ஏது விருப்பம் என்று கேட்டீர்கள் அல்லவா, அந்தக் கேள்வியிலேயே சொல்லின் வரலாறு இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘வில்லன்’ என்றால் விரும்புதல். அதன் இறந்தகாலம் ‘வோல்டே’, விரும்பினான். அந்த ‘வோல்டே’தான் தேய்ந்து ‘வுட்’ ஆனது. எழுத்தில் இன்னும் ஓர் ‘எல்’ இருக்கிறது, வாயில் இல்லை. ஒரு காலத்தில் உச்சரித்த எழுத்துதான் அது. ‘குட்’ என்று நாம் சொல்லும் துணைவினையிலும் ஓர் ‘எல்’ எழுதுகிறார்கள், அது அந்தச் சொல்லுக்குச் சொந்தமே இல்லை; ‘வுட்’, ‘ஷுட்’ இரண்டையும் பார்த்துப் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்டது.

ஆக, ‘வுடன்ட்’ என்றால் அடியில் ‘விரும்பவில்லை’ இருக்கிறது. நம்முடைய ‘மாட்டேன்’ வேறு வழியில் வந்தது. பழந்தமிழில் ‘மாட்டுதல்’ என்றால் இயலுதல், ‘மாட்டாதவன்’ என்றால் இயலாதவன். இயலாமையில் தொடங்கி மறுப்பில் வந்து நின்றது நம் சொல். விருப்பத்தில் தொடங்கி அதே மறுப்பில் வந்து நின்றது அவர்கள் சொல். உங்கள் பட்டறை வாசலில் இரண்டும் சந்தித்துவிட்டன.

கோயம்பேடு காலை · வியாழன், இரவு 10.20

எல்லோரும் ரசித்துப் பேசுகிறீர்கள், எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. மனம் நோகாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் அலுவலகக் கடிதங்கள் எழுதி ஓய்வு பெற்றவன் நான். ‘ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ’ என்று எத்தனையோ விடுப்புக் கடிதங்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. யாரும் ‘எது நடந்தால்?’ என்று கேட்டதில்லை. மறுநாள் அவர் வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். இந்தியா முழுக்க இப்படித்தான் எழுதுகிறோம். அமெரிக்கர் தம் ஆங்கிலத்தை மாற்றிக்கொண்டால் அது அமெரிக்க ஆங்கிலம், நாம் மாற்றினால் மட்டும் பிழையா? இந்தப் பெண் எதற்கு முகம் சுண்ட வேண்டும்? லண்டன்காரர் நம் வழக்கைப் புரிந்துகொள்ளட்டும்.

வியாசர்பாடி வாத்தியார் · வெள்ளி, காலை 5.50

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதியை முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தேவி வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் ஊர் ஆங்கிலம் நம் ஊரில் செல்லுபடியாகிற நாணயம்தான்.

ஆனால் இங்கே இழப்பு நமக்குத்தான். உங்கள் மேசைக்கு வந்த கடிதத்தில் எழுதியவரும் படித்தவரும் ஒரே வழக்கில் வளர்ந்தவர்கள், இடைவெளியை இருவரும் நிரப்பிக்கொண்டார்கள். தேவியின் மின்னஞ்சலில் அந்த இடைவெளி அப்படியே கிடந்தது. அவள் ‘அனுப்புகிறோம்’ என்றாள், அவருக்கு ‘அனுப்பக்கூடும்’ என்று போய்ச் சேர்ந்தது. உழைப்பவள் இவள், உறுதி இல்லாதவள் என்ற பெயரும் இவளுக்கே. இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட முடியாது.

நாம் ஏன் இப்படி எழுதுகிறோம் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டு காரணம் தோன்றுகிறது. ஒன்று, நம் ‘வருவேன்’ ஒன்றே ‘வில்’லுக்கும் போதும், ‘வுட்’டுக்கும் போதும். “நாளை வருவேன்”, “நீ கூப்பிட்டால் வருவேன்”, “சிறு வயதில் தினமும் வருவேன்” என்று எல்லாம் ஒரே வடிவம். காது பிரித்துப் பழகவில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. தமிழில் மரியாதை வினையிலேயே உட்கார்ந்திருக்கிறது. ‘வா’ என்பதற்கும் ‘வாருங்கள்’ என்பதற்கும் நடுவில் ஒரு ‘ங்கள்’தான், ஆனால் அதை விட்டால் நம் நாக்கு கூசும். ஆங்கிலத்தில் அந்த ‘ங்கள்’ இல்லை. பெரியவருக்கும் ‘யூ’, பிள்ளைக்கும் ‘யூ’. வெறுங்கையோடு நிற்பது போல இருக்கிறது நமக்கு. ‘வுட்’ பணிவான சொல் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அதைப் பிடித்து ‘ங்கள்’ இருந்த இடத்தில் வைத்துவிட்டோம். எழுதியவரின் மனத்தில் இருப்பது மரியாதை. அந்த மனத்தை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் ‘வுட்’டின் பணிவு கேட்பதில் இருக்கிறது. ‘வுட் யூ சென்ட் மீ த ஃபைல்?’ என்று கேட்கும்போது நீங்கள் ஓர் அடி விலகி நிற்கிறீர்கள், மறுக்க அவருக்கு இடம் கிடைக்கிறது. அதுதான் பணிவு. கொடுப்பதாகச் சொல்லும்போது அதே விலகல் பின்வாங்குவது போல ஆகிவிடும். “பணத்தை நாளைக்குத் தருகிறேன்” என்று சொல்லிக்கொண்டே வாசலை நோக்கி நகர்கிறவரை யார் நம்புவார்கள்?

மயிலை மாடவீதி · வெள்ளி, காலை 6.40

கேட்பதைப் பற்றி ஒரு சின்ன விஷயம். ‘வுட் யூ லைக் சம் காபி?’ என்பதை என் பேரன் “காபி விரும்புவீர்களா?” என்று மொழிபெயர்த்து எழுதியிருந்தான். விருந்தாளியிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா? “காபி சாப்பிடுகிறீர்களா?” என்றுதான் கேட்போம். நிகழ்காலம். “காபி சாப்பிடுவீர்களா?” என்றால் அது வேறு கேள்வி, உங்களுக்குக் காபிப் பழக்கம் உண்டா என்று பொருள். ஆங்கிலத்தில் விலகி நின்று கேட்பது உபசாரம், நமக்கு நெருங்கி வந்து கேட்பது உபசாரம்.

இன்னொன்று. காலத்தை இடம் மாற்றிப் பேசுவது நமக்குப் புதிது இல்லை. நன்னூலில் பவணந்தி முனிவர் சூத்திரமே எழுதி வைத்திருக்கிறார்: “விரைவினும் மிகவினும் தெளிவினும் இயல்பினும் பிறழவும் பெறூஉம் முக்காலமும் ஏற்புழி.” அதாவது விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களால் ஏற்ற இடத்தில் மூன்று காலமும் ஒன்றுக்கொன்று மாறி வரலாம். அடுப்படியில் இருந்தபடியே “இதோ வந்துவிட்டேன்” என்கிறோமே, வரவே இல்லை, ஆனால் வினை இறந்தகாலம். அது விரைவு. என் தாத்தாவின் ‘போவார்’ இயல்பு என்ற வகையில் வரும். முன்பு விளையாடிய சோலையைக் காட்டி ‘விளையாடுவது இச்சோலை’ என்று சொல்வதைப் பள்ளியில் எடுத்துக்காட்டாகப் படித்தோம். இதற்குக் கால வழுவமைதி என்று பெயர். வினையின் வடிவம் ஒன்று, அது காட்டும் காலம் வேறு என்று நம் இலக்கணம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. ‘வுட்’ இறந்தகாலமா இல்லையா என்று நாம் ஏன் தடுமாற வேண்டும்?

கோயம்பேடு காலை · வெள்ளி, காலை 7.30

‘ங்கள்’ பற்றி வாத்தியார் எழுதியது என்னை யோசிக்க வைத்துவிட்டது. உள்ளே எழுதும்போது நம் வழக்கு, வெளியே எழுதும்போது அவர்கள் வழக்கு என்றால் ஏற்றுக்கொள்கிறேன். பிழை என்ற சொல்லை மட்டும் ஏற்கமாட்டேன்.

கீழ்ப்பாக்கம் செவிலி · வெள்ளி, மதியம் 2.15

இரவுப் பணி முடிந்து தூங்கி எழுந்து இதைப் படித்தேன். என்னுடைய அனுபவம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரியவரை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் இங்கிலாந்தில். ஒருநாள் மாலை நான் கிளம்பிய பிறகு மருமகள் செய்தி அனுப்பினார், மாமா இரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டாரா என்று. அவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலேயப் பெண். பெரியவர் எட்டு மணிக்குத் தவறாமல் போட்டுக்கொள்வார், மணி எட்டரை. “இந்நேரம் போட்டுக்கொண்டிருப்பார்” என்று நினைத்து, ‘ஹீ வுட் ஹேவ் டேக்கன் இட்’ என்று பதில் அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் மகன் தொலைபேசியில் அழைத்தார். குரல் நடுங்குகிறது. “அப்பாவுக்கு என்ன ஆயிற்று? ஏன் போட்டுக்கொள்ளவில்லை?” என்று கேட்கிறார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நான் என்ன எழுதினேன், அவர் ஏன் அழுகிறார்?

அவருடைய மனைவி படித்தது இதுதான்: “போட்டுக்கொண்டிருந்திருப்பார், ஆனால்…” அந்த ‘ஆனால்’ நான் எழுதாதது. ‘வில் ஹேவ் டேக்கன்’ என்று எழுதியிருக்க வேண்டும் என்று மகன்தான் பிறகு பொறுமையாகச் சொன்னார். இன்றுவரை அந்த வாக்கியத்தை நான் தப்பாக எழுதியதில்லை. தேவிக்கு ஒரு மின்னஞ்சலோடு போயிற்று. எங்கள் வேலையில் ஒரு சொல் ஒரு குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

வியாசர்பாடி வாத்தியார் · வெள்ளி, மாலை 5.20

சகோதரி, இதைப் பகிர்ந்ததற்கு நன்றி. இது எல்லோரும் சறுக்கும் இடம், ஏனென்றால் இங்கேயும் தமிழ் ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டிருக்கிறது.

“இந்நேரம் போயிருப்பார்” — ஊகம். அனேகமாக நடந்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘வில் ஹேவ்’ அல்லது ‘மஸ்ட் ஹேவ்’.

“பஸ் கிடைத்திருந்தால் போயிருப்பார்” — நடக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘வுட் ஹேவ்’.

நமக்கு ‘போயிருப்பார்’ இரண்டிலும் ஒன்றுதான். முன்னால் ‘இந்நேரம்’ வருகிறதா, ‘இருந்தால்’ வருகிறதா என்று பார்த்து நம் காது தானாகப் பிரித்துவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தப் பிரிப்பை நாம் கையால் செய்ய வேண்டும். மனத்தில் ‘இந்நேரம்’ என்று தோன்றினால் ‘வில்’. ‘இருந்தால்’ என்று தோன்றினால் ‘வுட்’.

இதையொட்டி இன்னொரு சறுக்கல்: ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்று எழுதுவது. நிபந்தனைப் பகுதியில் ‘வுட் ஹேவ்’ வைக்கக் கூடாது, ‘இஃப் ஐ ஹேட் நோன்’ என்று வர வேண்டும். இதற்குத் தமிழே காவல் நிற்கிறது. “தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.” முன் பாதியில் ‘இருந்தால்’, பின் பாதியில் ‘இருப்பேன்’. யாராவது ‘தெரிந்திருப்பேனால்’ என்று சொல்வார்களா? ‘இருந்தால்’ இருக்கும் பக்கம் ‘ஹேட்’, ‘இருப்பேன்’ இருக்கும் பக்கம் ‘வுட் ஹேவ்’. என் மாணவர்களில் பலர் இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டே கரை சேர்ந்திருக்கிறார்கள்.

பெரம்பூர் பட்டறை · வெள்ளி, மாலை 6.05

‘ஐட்’, ‘ஹீட்’ என்று சுருக்கி எழுதுகிறார்களே, அது ‘வுட்’டா ‘ஹேட்’டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வியாசர்பாடி வாத்தியார் · வெள்ளி, மாலை 6.20

அடுத்த சொல்லைப் பாருங்கள். ‘கோ’ என்று வெறும் வினை வந்தால் அது ‘வுட்’. ‘கான்’ என்று முடிந்த வடிவம் வந்தால் அது ‘ஹேட்’. ‘பெட்டர்’ வந்தால் ‘ஹேட்’, ‘ராதர்’ வந்தால் பெரும்பாலும் ‘வுட்’. இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

அசோக் நகர் மொழிபெயர்ப்பு · வெள்ளி, இரவு 8.45

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது என் தொழில். நீங்கள் எல்லோரும் போகும் திசைக்கு எதிர்த் திசையில் வருகிறவன் நான். அங்கேயும் ‘வுட்’ படுத்தும் பாடு கொஞ்சமில்லை, அதனால் கெடுவது நம் தமிழ்.

முதலில் எளிதானது. ‘ஹீ செட் ஹீ வுட் கம்.’ இதைச் சிலர் “வரக்கூடும் என்று சொன்னார்” என்று எழுதுகிறார்கள். அவர் சொன்னது உறுதியான வாக்கு, ‘வருவேன்’ என்றார். ஆங்கிலத்தில் பிறர் கூற்றைச் சொல்லும்போது ‘வில்’ ஓர் அடி பின்னால் நகர்ந்து ‘வுட்’ ஆகிறது. நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. ‘என்று’ என்ற சொல் இருக்கிறது, அவர் வாயில் வந்ததை அப்படியே எடுத்து வைத்துவிடலாம்: “‘வருவேன்’ என்றார்.” அல்லது “வருவதாகச் சொன்னார்.” ‘வரக்கூடும்’ என்று எழுதினால் ஒரு மனிதர் கொடுத்த வாக்கை நாமே பலவீனப்படுத்துகிறோம்.

கடினமானது இன்னொன்று. ராமானுஜனைப் பற்றி ஓர் ஆங்கிலக் கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1912-இல் மெட்ராஸ் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், 1918-இல் லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் ஃபெலோ, அதாவது உறுப்பினர், ஆனார். ஆங்கிலக் கட்டுரையாளர் 1913-இல் நின்றுகொண்டு, ‘த கிளார்க் வுட் பிகம் எ ஃபெலோ’ என்று எழுதுவார். கதை நடக்கும் இடத்திலிருந்து முன்னே பார்க்கும் ‘வுட்’ இது.

இதைத் தமிழில் “அந்த எழுத்தர் 1918-இல் ஃபெலோ ஆவார்” என்று எழுதுகிறார்கள். அண்மைக் காலத்தில் இந்த வடிவம் அதிகமாகக் கண்ணில் படுகிறது, எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. மயிலை அம்மா சொன்ன ‘போவார்’ வழக்கத்தைச் சொல்கிறது. இந்த ‘ஆவார்’ ஒரே ஒரு முறை நடந்ததைச் சொல்லவேண்டும். மேலும் ‘ஃபெலோ ஆவார்’ என்றால் நம் கட்டுரைத் தமிழில் ‘ஃபெலோவாக இருக்கிறார்’ என்றே பொருள்படும், “இவர் என் நண்பர் ஆவார்” என்பது போல. “அந்த எழுத்தர்தான் ஐந்தே ஆண்டுகளில் ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார்” என்று எழுதினால் போதும். முன்னோக்கும் சுவை வேண்டுமென்றால் “ஃபெலோ ஆகவிருந்த அந்த எழுத்தர், அன்று…” என்று தொடங்கலாம். நம்மிடம் ‘ஆகவிருந்த’ என்று அவ்வளவு நேர்த்தியான வடிவம் இருக்கும்போது ‘ஆவார்’ எதற்கு?

மயிலை மாடவீதி · வெள்ளி, இரவு 9.10

‘ஆகவிருந்த’! இந்தச் சொல்லைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது. வழிமொழிகிறேன்.

துரைப்பாக்கம் தேவி · சனி, காலை 10.30

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை அலுவலகம் போனதும் லண்டனுக்குத் திரும்ப எழுதினேன். ‘வீ வில் சென்ட் த ரிப்போர்ட் ஆன் ஃப்ரைடே.’ அதன் கீழே, பழைய சோதனைத் தரவு எங்களுக்குத் தேவைப்பட்டதால், ‘வுட் யூ ஷேர் த ஓல்ட் டேட்டா?’ என்று கேட்டேன். கேட்பதற்கு ‘வுட்’, கொடுப்பதற்கு ‘வில்’ என்று இரவு முழுக்க யோசித்து வைத்திருந்தேன். வாத்தியார் அதை வெள்ளிக்கிழமை காலையில் விளக்கியபோது, சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று தெரிந்து நிம்மதியாக இருந்தது. தரவு அன்று மாலையே வந்துவிட்டது. அறிக்கையை நேற்று மூன்றரை மணிக்கு அனுப்பினேன். மேலாளரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். கடைசி வரை படித்துவிட்டு, செவிலி அக்கா எழுதியதை மட்டும் மறுபடி ஒரு முறை படித்தார். குழுவில் எல்லோருக்கும் அனுப்பச் சொன்னார்.

நேற்று இரவு செய்யாற்றுக்கு அம்மாவுக்குப் பேசினேன். அப்பா எங்கே என்று கேட்டேன். “கழனிக்குத் தண்ணீர் கட்டப் போனார், இந்நேரம் திரும்பியிருப்பார், மாட்டுக்கொட்டகையில் இருப்பார்” என்றார். ‘இந்நேரம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் ‘வில் ஹேவ்’ என்று மனம் தானாகச் சொன்னது. அதற்குள் அப்பாவே வந்து போனை வாங்கிவிட்டார்.